வீட்டு ஈரமும் துள்ளுவால் பூச்சியும்

மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் குளிக்குமிடத்தின் ஓரத்திலும், அம்மிக்கு அடியிலும், சுவரின் அடிப்பாகத்திலும் சாம்பற்பொடியைத் தூவினாற்போல ஒருவகைச் சிற்றுயிர்கள் மொய்ப்பதுண்டு. விரலால் தொட்டமாத்திரத்தில் அவை நாலாபக்கமும் துள்ளும். இவற்றைத் தெள்ளுப்பூச்சி என்று கருதி, பயிருக்கு அடிக்கும் விஷமருந்தை வீட்டினுள் தெளிக்கச் சிலர் முற்படுகின்றனர். இஃது அவசியமற்றது மட்டுமன்று. கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள தளியைப் போன்ற ஊர்களில் பெருநஷ்டத்தையும் விளைவிக்கக்கூடியது.

இச்சிற்றுயிருக்கு இங்கிலீஷில் ஸ்பிரிங்டெயில் என்று பெயர். துள்ளுவால் பூச்சி எனலாம். பெரும்பாலும் எள்ளைவிடச் சிறியது, இறகில்லாதது. வயிற்றின் அடியில் கவைபோன்ற உறுப்பொன்று மடங்கி, ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். கொக்கி விடுபட்டதும் அக்கவை தரையை உதைக்க, பூச்சி மேலே எழும்பும். பூஞ்சணமும் மக்கிய இலைதழையுமே இதன் ஆகாரம். இது மனிதரையோ கால்நடைகளையோ கடிப்பதில்லை. மரத்தையும் துணியையும் அரிப்பதில்லை.

தெள்ளுப்பூச்சியோ அபாயமானது. 1898-ம் வருஷம் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. எலியின் மேலுள்ள தெள்ளே அந்நோயைக் கடத்துகிறதென்று அதே வருஷத்தில் கராச்சியில் ஸீமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தார். ஆகையால் இரண்டையும் பிரித்தறிதல் அவசியம். தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, பழுப்பு நிறமுடையது, விரலால் நசுக்கினாலும் எளிதில் சாகாது, பின்னங்கால்களால் குதிப்பது. துள்ளுவால் பூச்சி மென்மையானது, தொட்டாலே நசுங்கும், ஈரமுள்ள இடத்தைவிட்டு அகலாதது.

அகலாததற்குக் காரணம் உண்டு. அதன் மெல்லிய தோல் வழியே உடலின் நீர் விரைவில் வெளியேறிவிடும். உலர்ந்த காற்றில் அது நெடுநேரம் பிழைப்பதரிது. பெருமழையால் மண் நீரில் மூழ்கினாலும், வெயிலால் மண் வறண்டாலும், அளவான ஈரத்தை நாடி வீட்டினுள் புகும். தளி, ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' என்றழைத்த குளிர்ந்த மேட்டுநிலம். இரு பருவமழைகளும் பெறும் இவ்விடத்தில் சுவர்கள் காய நாளாவதால், ஈரமும் பூஞ்சணமும் தங்குவது எளிது.

இப்பிரதேசத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் பல. பூச்சிமருந்தின் சிறு வாடையும், இலையிற் படிந்த சிறு துளியுங்கூடப் புழுக்களைக் கொல்லவல்லன. குளியலறையில் தெளித்த மருந்து கையின் வழியாகவும் காற்றின் வழியாகவும் புழுத்தட்டை எட்டுமாயின், ஏறக்குறைய ஒரு மாதப் பாடு ஒரே நாளில் வீணாகும். கூடு விற்றுத் தீர்க்க நினைத்த கடன் அப்படியே நிற்கும். அன்றியும், ஈரம் இருக்கும்வரை பூச்சி மீண்டும் வரும்.

செய்யத்தக்கவை செலவில்லாதவையே. மொய்த்திருக்கும் பூச்சிகளைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே எறிக. அல்லது சோப்புநீர் ஊற்றித் துடைத்துத் தரையை உலரவிடுக. ஒழுகும் குழாயையும் கூரையையும் பழுதுபார்த்தல் வேண்டும். சுவரையொட்டிய மண்ணை வெளிப்புறம் சரியுமாறு அமைத்தால் மழைநீர் தேங்காது. விறகடுக்கு, குப்பை, எருக்குழி ஆகியவற்றைச் சுவரைவிட்டு விலக்கி வைத்தல் நலம். பகலில் ஜன்னல்களைத் திறந்து காற்றும் வெயிலும் புகவிட வேண்டும். வெடிப்புகளைப் பூசி, சுவர் உலர்ந்தபின் வெள்ளையடித்தால் பூஞ்சணம் குறையும். பூச்சட்டிகளுக்கு மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் போதும்.

வயலிலும் எருக்குழியிலும் இவை இருப்பது தீமையன்று. மக்கும் பொருளைச் சிதைத்து மண்ணுக்கு உரமாக்கும் வேலையில் இவற்றுக்கும் பங்குண்டு. காளான் வளர்க்கும் கொட்டகையில் மட்டும் இவை காளானையே தின்று நஷ்டம் உண்டாக்கும். அங்கே சுத்தமும், தரையிலிருந்து உயர்த்திய தட்டுகளும் தேவை.

ஒரு வீட்டின் ஈரம் அடுத்த வீட்டுச் சாக்கடையிலிருந்தும் வரக்கூடும். ஆதலால் இது தனியொருவரால் முடியும் காரியமன்று. மழைக்கு முன்னர்ச் சங்க அங்கத்தினர்கள் ஒன்றுகூடித் தெருச் சாக்கடைகளைத் தூர்வாரி, சுண்ணாம்பை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வார்களாயின் செலவு குறையும். சங்கக் கிடங்கில் மூட்டைகளைத் தரையில் வையாது பலகைமேல் அடுக்குவதும் இதே காரணத்தால் நன்று. துள்ளுவால் பூச்சி சத்துருவன்று. வீட்டில் ஈரம் தங்கியிருப்பதை அறிவிக்கும் அடையாளம். அவ்வீரத்தைப் போக்கினால் பூச்சி தானே போகும், பட்டுப்புழுவும் பிழைக்கும்.