தேடுபொறியும் சில்லெழுத்தும்

காரியாலயத்தில் ஓர் ஆவணம் இருப்பது வேறு. கேட்ட பொழுதில் அது கைக்கு வருவது வேறு. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் பழைய ஓலைகள் ‘சுருணை’ என்னும் கட்டுகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. எக்கட்டில் எது உள்ளது என்று கூறும் அட்டவணை இல்லையேல், அவற்றுள் வேண்டிய ஓலையை எடுத்தல் எளிதன்று. இன்று ஓலையின் இடத்தையும் காகிதத்தின் இடத்தையும் சர்வர் என்னும் பொதுக் கணிப்பொறி ஏற்றுள்ளது. பலர் கூடி எழுதித் திருத்தும் ஆவணங்கள் அதில் சேர்கின்றன. அவற்றிற்கும் அட்டவணை வேண்டும். அதனை ஆக்கித் தருவது தேடுபொறி.

நாம் ஒரு சொல்லைக் கேட்டவுடன் தேடுபொறி எல்லா ஆவணங்களையும் புரட்டுவதில்லை. முன்னரே அனைத்தையும் படித்து, நூலின் இறுதியில் அச்சிடப்படும் சொல்லடைவு போன்ற ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. லூசீன், சோலர் முதலிய இலவச நிரல்கள் இம்முறையிலேயே இயங்குகின்றன. ஆகவே சொல்லடைவில் ஏறாதது தேடலில் அகப்படாது. படமாக மட்டும் ஸ்கேன் செய்து சேர்த்த கடிதத்தில் நம் கண் எழுத்தைக் காண்கிறது. யந்திரமோ வெறும் புள்ளிகளைக் காண்கிறது. எழுத்துணர் நிரலால் அதனைப் படிக்கச் செய்த பின்னரே அக்கடிதம் அடைவில் இடம்பெறும்.

கேரளத்தில் இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் ஆகிய மெய்கள் உயிர் சேராது நிற்கையில் ‘சில்லு’ என்னும் தனி வடிவம் பெறுகின்றன. யூனிகோடு முறையில் தொடக்கத்தில் இவற்றிற்குத் தனி எண் இல்லை. மூல எழுத்து, நமது புள்ளியை ஒத்த சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக் குறி என மூன்றையும் அடுத்தடுத்து இட்டே ஒரு சில்லு பெறப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு 5.1 பதிப்பு சில்லுகளுக்குத் தனி எண்களை வழங்கியது. ஆனால் அதற்கு முன் தட்டச்சான ஆவணங்கள் பழைய முறையிலேயே நின்றுவிட்டன.

‘சர்க்கார்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இதனுள் சில்லு இருமுறை வருகிறது. பழைய முறையில் இச்சொல் 11 குறியீடுகளால் ஆனது. புதிய முறையில் 7 குறியீடுகளே. திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். யந்திரத்திற்கோ அவை இரு வேறு சொற்கள். யூனிகோடின் பொதுவான சீராக்க விதிகளும் இவ்விரண்டையும் சமமெனக் கொள்வதில்லை. ஆதலின் தேடுபொறியை நிறுவுவோரே, ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் விதியை அமைத்தல் வேண்டும். அவ்விதி அடைவு தயாராகும்போதும், தேடுவோர் இடும் சொல்லின்மீதும் ஒருங்கே செயற்பட வேண்டும். ஒருபுறம் மட்டும் அமைத்தால், முன்பு கிடைத்ததும் கிடைக்காமற்போகும். விதியை மாற்றிய பின் அடைவு முழுவதையும் புதிதாகத் தயாரித்தல் அவசியம். இதனைச் செய்யாது விட்டு, விதி பயனற்றது என்று முடிவு கட்டுவோர் உளர்.

இஃது எழுத்தாராய்ச்சியாளரின் கவலை மட்டுமன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு குடியானவர் தம் நிலம் பற்றிய பழைய உத்தரவைக் கேட்கிறார் எனக் கொள்வோம். எழுத்தர் தேடுகிறார், திரையில் ஒன்றும் வரவில்லை, ‘அத்தகைய ஆவணம் இல்லை’ என்று பதில் செல்கிறது. பொய்யுரைக்கும் எண்ணம் எவருக்குமில்லை, பதில் பொய்யாகிவிடுகிறது.

தமிழ் நாட்டினர் இதனை அண்டை வீட்டு வழக்காக எண்ணிவிடலாகாது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தைக் கொண்டும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் தட்டச்சு செய்யலாம், பார்வைக்கு வேறுபாடில்லை. ‘ஔ’ என்னும் உயிருக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடும் பழக்கமும் பரவலாக உண்டு. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளோ, மாற்றப்பட்டாலன்றி யந்திரத்திற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே.

ஊர்ப்பெயரும் கவனிக்கற்பாலது. 1991-இல் திருவனந்தபுரம் என்பதே ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமான பெயராயிற்று. முந்திய கோப்புகள் ‘டிரிவாண்ட்ரம்’ என்றே கூறும். இரண்டும் ஒன்றெனக் காட்டும் சொற்பட்டியலைத் தேடுபொறிக்குத் தர இயலும். ‘திருவனந்தபுரத்தில்’ என்று வேற்றுமை ஏற்ற சொல்லில் மகரமெய் மறைந்துவிடுவதால், அடிச்சொல்லைப் பிரித்தறியும் நிரலும் வேண்டும். தமிழுக்கு அத்தகைய நிரல் ஸ்நோபால் தொகுப்பில் உள்ளது. அந்தரங்கக் கோப்பின் தலைப்புக்கூட உரிமையற்றவருக்குத் தோன்றாதவாறு அனுமதிகளையும் அடைவில் பதித்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

புதிய தேடுபொறி கைக்கு வந்தவுடன் கள ஊழியரும் ஆசிரியரும் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். சர்வரில் இருப்பதாகத் திண்ணமாகத் தெரிந்த பத்து ஆவணங்களைக் குறித்துக்கொள்க. அவற்றுட் சில பழமையானவையாகவும், சில ஸ்கேன் செய்தவையாகவும் இருத்தல் நலம். ஒவ்வொன்றிலுமுள்ள ஒரு சொல்லைப் பிரதி செய்து இடாமல், கையால் தட்டச்சு செய்து தேடுக. எவை வரவில்லையோ அவற்றின் பட்டியலை நிறுவியவரிடம் கொடுக்க.