பட்டைப்புண்: பெயரறிந்து மருந்திடுவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், பாலக்காடு மாவட்டம் நெம்மாறாவை அடுத்து, நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றிற்குக் கள ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். தோட்டத்தின் உரிமையாளர் தமிழ்ப் பெரியவர். நட்டு ஐந்தாம் ஆண்டில் இருந்த மரங்களுள் சிலவற்றில் மட்டும், உச்சிக் கிளைகளின் இலைகள் மஞ்சளாகி வாடித் தொங்கின.

"சத்துக் குறைவுதான் சார், இரண்டு முறை உரம் வைத்துவிட்டேன்" என்றார் பெரியவர். உடன் வந்திருந்த வேளாண் அலுவலர் இலைகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, தண்டு கிளைகளாகப் பிரியும் கவட்டையைப் பார்த்தார். அங்கிருந்து பால் கசிந்து, தண்டின் மீது கறுத்த கோடுகளாக உறைந்திருந்தது. கவட்டைப் பட்டையில் வெளிறிய இளஞ்சிவப்புப் பூச்சு ஒன்று படர்ந்திருந்தது. "ஐயா, இது உரத்தால் தீராது. இது பூஞ்சை" என்றார் அவர்.

வணிகவியல் படித்த எனக்கு, நோயின் பெயர் தெரியாமல் செய்த செலவு எந்த வரவிலும் சேராது என்பது அன்று கண்ணெதிரே விளங்கியது. மரம் வளர்க்கும் நம் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்பதால், அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஒரு புண், பல காரணங்கள்

மரப்பட்டையின் ஒரு பகுதி மடிந்து, குழிந்து, வெடித்துக் காணப்படுவதைப் பட்டைப்புண் என்கிறோம். பட்டையின் உட்புறத் திசு வழியாகவே இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்குகிறது. புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டு, புண்ணுக்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடும்.

வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் காரணங்கள் வேறு வேறு. பெரியவரின் தோட்டத்தில் கண்டது இளஞ்சிவப்பு நோய். இதை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் எரித்ரீசியம் சால்மோனிகலர். பழைய நூல்களில் கார்ட்டீசியம் சால்மோனிகலர் என்று இருக்கும். 1870களில் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பெர்க்லி, புரூம் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டனர். ரப்பர் மட்டுமன்றி தேயிலை, காப்பி, கொக்கோ, பலா, மா, எலுமிச்சை எனப் பல மரங்களையும் செடிகளையும் இது தாக்கும். கேரளத்தின் மழை மிகுந்த பகுதிகளில் வளர்க்கப்பட்ட தைலமரத் தோட்டங்களும் 1970களில் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டன.

எல்லையை ஒட்டிய மற்ற பகுதிகளில் கதை மாறுகிறது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீர்மேடு பகுதிகளின் இளந்தேயிலைச் செடிகளில் மண்மட்டத்தை ஒட்டிய தண்டுப்பகுதியில் புண் தோன்றினால், ஃபோமாப்சிஸ் தியே என்னும் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். செடி மஞ்சளித்து, வழக்கத்துக்கு மாறாக நிறையப் பூத்து, பின்பு காயும். மிக ஆழமாக நடுவதும், மூடாக்கையும் உரத்தையும் தண்டை ஒட்டிக் குவிப்பதும் இதற்கு வழிவிடும்.

பொள்ளாச்சியை அடுத்த முதலமடையின் மாந்தோப்புகளில் வறட்சியாலும் வெட்டுக்காயங்களாலும் நலிந்த மரங்களில் கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து பிசின் வடியக் கண்டால், லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே என்ற பூஞ்சை காரணமாக இருக்கலாம். காய்ந்த கிளையை வெட்டிப் பார்த்தால் மரத்தின் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும்.

முதலாவது தொடர்மழையில் பெருகுவது. மூன்றாவது வறட்சியில் நலிந்த மரத்தைத் தேடி வருவது. இரண்டுக்கும் ஒரே காலத்தில் ஒரே மருந்து என்று எண்ணினால் பணம்தான் வீணாகும்.

பெயர் ஏன் முக்கியம்?

கொக்கோவிலும் ரப்பரிலும் பட்டையை அழுகச் செய்யும் ஃபைட்டோப்தோரா, பார்வைக்குப் பூஞ்சை போன்றதே. ஆயினும் அது உண்மைப் பூஞ்சை அன்று. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. பல பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் கார்பென்டாசிம் இதனிடம் பலிப்பதில்லை. மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்தே இதற்குத் தேவைப்படும். இன்னும் சில வேளைகளில் எந்தக் கிருமியுமே இருக்காது; வெயில் சுட்டதாலோ மின்னல் தாக்கியதாலோ பட்டை வெடித்திருக்கும். அங்கே பூஞ்சைக்கொல்லி வாங்குவது வீண்செலவு.

கண்டறிவது எப்படி?

முதல் ஆய்வுக்கூடம் நம் கண்களே. ரப்பரில் இளஞ்சிவப்பு நோய் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக ஜூலை முதல் செப்டம்பர் வரை, இளமரங்களின் கவட்டைப் பகுதியில் தொடங்கும். முதலில் பட்டையின் மேல் சிலந்திவலை போன்ற வெண்ணிற இழைகள் தெரியும். பால் துளிகள் கசியும். பின்னர் இளஞ்சிவப்புப் பூச்சு படரும். அது நாளடைவில் வெளிறி வெடிக்கும். ஆரஞ்சு நிறச் சிறு கொப்புளங்களும் தோன்றலாம். புண்ணுக்குக் கீழே புதுத் துளிர்கள் வெடித்துக் கிளம்பினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். வலைநிலையிலேயே கண்டுபிடித்தால் மரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கண்ணால் தெளிவு பெற முடியாதபோது மாதிரி அனுப்ப வேண்டும். முழுதும் காய்ந்த கிளையை அனுப்பிப் பயனில்லை. அதில் பின்னால் வந்து குடியேறிய வேறு பூஞ்சைகளே மிகுந்திருக்கும். நலமான பட்டையும் நோயுற்ற பட்டையும் சேருமிடத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, நெகிழிப் பையில் அடைக்காமல் காகிதத்தில் சுற்றி, மரத்தின் வகை, வயது, நோய் கண்ட நாள், முன்பு இட்ட மருந்து ஆகியவற்றை எழுதி உடனே சேர்ப்பிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அத்துண்டின் மேற்புறத்தைத் தூய்மைப்படுத்தி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த ஊடகத்தில் வைத்துப் பூஞ்சையை வளர்ப்பர். அதன் நிறத்தையும், நுண்ணோக்கியில் தெரியும் வித்துகளின் வடிவத்தையும் கொண்டு இனத்தை அறிவர். ஒன்றுபோலத் தோன்றும் இனங்களைப் பிரித்தறிய இப்போது மரபணுச் சோதனையும் துணை நிற்கிறது. பூஞ்சைகளின் மரபணுவில் ஐ.டி.எஸ். எனப்படும் பகுதியைப் பொது அடையாளக் குறியீடாகக் கொள்ளலாம் என்று 2012இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு முன்மொழிந்தது. நம் வங்கிக் கணக்கு எண்ணைப் போல, ஓர் இனத்தை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவுகிறது.

ரப்பருக்கு ரப்பர் வாரியமும் கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும், தேயிலைக்கு வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையமும், வன மரங்களுக்குப் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. முதற்கட்ட ஆலோசனைக்கு உங்கள் ஊராட்சியின் கிருஷி பவனை அணுகலாம். எல்லையோர விவசாயிகளுக்குக் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை.

மருந்தும் கணக்கும்

இளஞ்சிவப்பு நோய்க்குக் கைகண்ட மருந்து போர்டோ பசை. 1885இல் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களின் அனுபவத்திலிருந்து மில்லார்டே என்ற அறிஞர் அறிமுகப்படுத்திய போர்டோ கலவையின் கெட்டியான வடிவம் இது. பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

புண்ணிலும், அதற்கு மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் வரையிலும் பசையைப் பூச வேண்டும். மழைக்கு முன்பே கவட்டைகளில் பூசி வைப்பது வருமுன் காக்கும் வழி. செம்பு கலந்தால் ரப்பரின் தரம் கெடும் என்பதால், பால் வெட்டும் மரங்களில் அலுவலரின் ஆலோசனையின்றி இதைப் பயன்படுத்தலாகாது.

இதில் வங்கி அலுவலரின் கவலையும் ஒன்று உண்டு. ரப்பர் பால் தரத் தொடங்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். இந்நோய் மிகுதியாகத் தாக்குவது மூன்றாம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரையிலான மரங்களை. அதாவது செலவு மட்டுமே எழுதப்பட்டு, வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கும் காலத்தில். தோட்டக் கடனின் தவணைகள் பால் வெட்டு வருமானத்தை நம்பியே அமைக்கப்படுகின்றன. அன்று இழந்த ஒரு மரத்தின் இடத்தில் புதுக்கன்று நட்டால், அதன் வருமானத்திற்கு மீண்டும் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே நோய் கண்டவுடன் வேளாண் அலுவலருக்குச் சொல்லுங்கள். பாதிப்பு பெரிதானால் தவணை தவறும்வரை காத்திராமல் உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். முன்கூட்டிச் சொன்னால் சேர்ந்து வழி தேடலாம்.

அந்தப் பெரியவர் மூன்று மரங்களை இழந்தார், மற்றவை பிழைத்தன. மறு ஆண்டு வைகாசியில் அவ்வழியே சென்றபோது, தோட்டத்தின் கவட்டைகளெல்லாம் நீலப்பசை பூசி நின்றன. "இந்த வருஷம் உரக்கடைக்குப் போகும் முன்னால் மேலே பார்த்துவிட்டேன் சார்" என்று சிரித்தார்.