குறைந்த விலையில் டேப்ளட் பிசி: பெட்டியில் அச்சிட்டதை அப்படியே நம்பலாமா?

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. ஒரு மாதம் ஆனதும் பிள்ளைகள் அடுத்ததைக் கேட்கத் தொடங்குகிறார்கள். கையில் எடுத்துச் செல்லும் வகையில் ஒரு டேப்ளட் பிசி வேண்டும் என்கிறார்கள். கடைக்குச் சென்றால் 4,000 ரூபாயிலும் கிடைக்கிறது, 40,000 ரூபாயிலும் கிடைக்கிறது. இரண்டும் கறுப்பு நிறத்தில், ஒரே மாதிரி கண்ணாடிப் பலகையாகத்தான் இருக்கின்றன. பின் ஏன் இந்த வித்தியாசம்? குறைந்த பணத்தில் வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? என் வீட்டு அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். அது அவ்வளவு பெருமைப்படும் அனுபவம் அல்ல.

ராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே இருக்கிறது உப்பூர். என் அக்காவைத் திருமணம் செய்து கொடுத்தது அங்கேதான். அத்தான் படகுத் தொழில். 2020இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அக்கா மகள் ஆறாம் வகுப்பு. "தம்பி, நீ இன்ஜினியர்தானே, பிள்ளைக்குப் படிக்க ஒண்ணு பார்த்து வாங்கிக் கொடு" என்று அக்கா தோட்டை அடகு வைத்து 4,500 ரூபாய் அனுப்பினார். நான் வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெட்டியின் மேல் ஆண்ட்ராய்டு 10, 3 ஜிபி ராம், ஆக்டா கோர் என்று போட்டிருந்ததைப் பார்த்து, கேள்விப்படாத பெயர் கொண்ட ஒரு டேப்ளட்டை வாங்கி அனுப்பிவிட்டேன். மூன்றே மாதத்தில் பேட்டரி உப்பி, பின்புற மூடி திறந்துகொண்டது. சந்தேகப்பட்டு சிபியு-இசட் என்ற இலவச அப்ளிகேஷனைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஆண்ட்ராய்டு 5.1, ராம் 1 ஜிபி. செட்டிங்ஸ் பக்கத்தில் தெரிந்த எண்கள் மாற்றி எழுதப்பட்டவை. தோட்டை மீட்க அக்காவுக்கு ஓராண்டு ஆனது.

ஆகாஷ் சொன்ன கதை

விலை மலிவான டேப்ளட் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆகாஷ். அன்றைய மத்திய மனித வள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், 35 டாலர் விலையில் மாணவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று 2010 ஜூலையில் மாதிரி ஒன்றைக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று அது ஆகாஷ் என்ற பெயரில் டில்லியில் வெளியிடப்பட்டது. தயாரித்தது டேட்டாவிண்ட் நிறுவனம். உடன் நின்றது ராஜஸ்தான் ஐ.ஐ.டி. அரசுக்கு அடக்க விலை சுமார் 50 டாலர். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அதன் உள்ளே இருந்தவை: 7 அங்குலத் திரை, 366 மெகா ஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம், ஆண்ட்ராய்டு 2.2, 2,100 எம்ஏஎச் பேட்டரி. திரை ரெசிஸ்டிவ் வகை. அதாவது இன்றைய போன்களைப் போல விரலால் தடவினால் போதாது. நகத்தால் அழுத்த வேண்டும். கூகுளின் அப்ளிகேஷன் சந்தை இல்லாமல், கெட்ஜார் என்ற வேறு சந்தையை இணைத்துக் கொடுத்தார்கள். நமக்கு முக்கியமான இன்னொன்று உண்டு. ஆண்ட்ராய்டு 2.2இல் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்த் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தபோது 1 கிகா ஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ராம், விரல் தொட்டால் இயங்கும் கெபாசிடிவ் திரை, ஆண்ட்ராய்டு 4.0 என்று பல குறைகள் சரி செய்யப்பட்டன. ஆனால் அதற்குள் மக்களின் ஆர்வம் வடிந்துவிட்டது.

ஆகாஷைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதில் உள்ளவை என்ன என்பதை மறைக்காமல் சொன்னார்கள். 366 என்று சொன்னார்கள், 366தான் இருந்தது. நான் 2020இல் வாங்கியது அதைவிட மோசம்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

முதலில் ராம். இன்று ஆண்ட்ராய்டு டேப்ளட்டுக்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும். 2 ஜிபி உள்ளவை ஆண்ட்ராய்டின் சிறு பதிப்பான கோ எடிஷனில் ஓடும். யூட்யூப் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுத முடியாமல் தடுமாறும். இங்கே ஒரு வியாபாரத் தந்திரத்தைக் கவனியுங்கள். "8 ஜிபி ராம்" என்று பெரிதாகப் போட்டு, அருகில் பொடி எழுத்தில் "4+4" என்றிருக்கும. இரண்டாவது 4 ஜிபி உண்மையான ராம் அல்ல. ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம். விண்டோஸில் விர்ச்சுவல் மெமரி என்று பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். வேகத்தில் ராமுக்கு அருகில்கூட வராது.

அடுத்து பிராசசர். ஆக்டா கோர் என்றால் எட்டு கோர்கள். எட்டு பேர் வேலை செய்கிறார்கள் என்றால் சரி, அந்த எட்டு பேரும் யார்? மலிவான சிப்களில் எட்டும் கார்டெக்ஸ் ஏ53 போன்ற சிறிய கோர்களாக இருக்கலாம். மீடியாடெக் ஹீலியோ ஜி99இல் ஏ76 என்ற வலுவான கோர்கள் இரண்டும், ஏ55 என்ற சிறிய கோர்கள் ஆறும் உள்ளன. ஸ்னாப்டிராகன் 680இல் ஏ73 கோர்கள் நான்கு, ஏ53 கோர்கள் நான்கு. எனவே "ஆக்டா கோர்" என்பதோடு நிறுத்திவிடாமல், சிப்பின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயரே போடாத பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டோரேஜ் 64 ஜிபி என்றால் சிஸ்டமும் கூடவே வரும் அப்ளிகேஷன்களும் 15 ஜிபிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் பாட வீடியோக்களை அதில் வைத்துக்கொள்ளலாம். 32 ஜிபி வேண்டாம்.

திரையின் அளவு என்று சொல்லப்படுவது மூலைக்கு மூலை உள்ள நீளம். இது புதியவர்களுக்குக் குழப்பம் தரும். 11 அங்குலம் என்றால் ஏறத்தாழ 23.5 செ.மீ.க்கு 15 செ.மீ. 8.7 அங்குலம் என்றால் 19 செ.மீ.க்கு 11 செ.மீ. சற்று அதிகம். பழைய செய்தித்தாளை இந்த அளவுகளில் வெட்டி, உங்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட இது நன்றாகப் புரியவைக்கும். அடுத்து ரெசல்யூஷன். 10.1 அங்குலத் திரையில் 1280 x 800 என்றால் ஓர் அங்குலத்துக்கு 149 புள்ளிகள்தான். 11 அங்குலத்தில் 1920 x 1200 என்றால் 206 புள்ளிகள். தமிழில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் நெருக்கமாக இருப்பதால் இந்த வித்தியாசம் ஆங்கிலத்தைவிட நமக்கு அதிகம் தெரியும்.

கேமராவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2018 முதல் வந்த தமிழ்நாடு அரசின் புதிய பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால்தான் அதற்குரிய பாட வீடியோ வரும். பின்புறக் கேமராவில் ஆட்டோ போகஸ் இல்லாவிட்டால் கிட்டத்தில் வைத்த கோடு மங்கலாகத் தெரியும். எனவே கடைக்குச் செல்லும்போது பிள்ளையின் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

போலியைக் கண்டுபிடிக்க

டேப்ளட்டிலோ அதன் பெட்டியிலோ பிஐஎஸ் முத்திரையும், அதனுடன் "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியாவில் டேப்ளட்டுக்கும் சார்ஜருக்கும் இந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் என்ற அப்ளிகேஷனில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று காட்டிவிடும்.

பின்னர் டேப்ளட்டை இயக்கி, பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபவுட் என்று செல்லுங்கள். பிளே புரொடெக்ட் சர்டிபிகேஷன் என்ற இடத்தில் "டிவைஸ் இஸ் சர்டிபைட்" என்று இருக்க வேண்டும். இல்லை என்றால் வாங்க வேண்டாம். இது சும்மா பயமுறுத்தல் அல்ல. சான்று பெறாத மலிவான ஆண்ட்ராய்டு சாதனங்கள் தொழிற்சாலையில் இருந்தே வைரஸுடன் வருவதை பேட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வாளர்கள் 2023இல் வெளிக்கொண்டு வந்தார்கள். அதன் அடுத்த பதிப்பு குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரிக்கை விட்டது. இப்படிப்பட்ட ஒன்றில் உங்கள் பேங்க் அப்ளிகேஷனைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியே அபவுட் டேப்ளட் பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி என்றால், அந்த நிறுவனம் அதை மறந்துவிட்டது என்று பொருள்.

வைஃபை போதுமா, சிம் வேண்டுமா?

என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லி வந்த பதில், வைஃபை மாடல் போதும் என்பதுதான். சிம் போடும் மாடலுக்கு இரண்டு, மூன்று ஆயிரம் கூடுதலாகும். வீட்டில் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது.

சென்ற ஆண்டு அக்கா மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும், இந்த முறை 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருப்பதாக அக்கா சொன்னார். அடகு இல்லை. நான் உடனே 11 அங்குல வைஃபை மாடல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். 2024 ஏப்ரலில் ரெட்மி பேட் எஸ்இ அந்தத் திரை அளவில் ரூ.12,999க்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரெட்மி பேட் எஸ்இ 4ஜி என்று 8.7 அங்குலத்தில், சிம் போடும் வசதியுடன் ரூ.10,999க்கு வந்தது. (இவை அறிமுக விலைகள். மாறிக்கொண்டே இருக்கும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள்.) முன்னதை வாங்கலாம், குறையும் பணத்தை நான் போடுகிறேன் என்றேன்.

அக்கா மகள்தான் கேட்டாள்: "மாமா, அப்பா ராத்திரி கடலுக்குப் போகையில போனைக் கொண்டு போயிடுவாரே. அம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போனு. அப்புறம் நெட்டுக்கு எங்க போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் படிப்பதே இரவு எட்டு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் வீட்டில் ஹாட்ஸ்பாட் போட ஒரு போனும் இருக்காது. சரி, சிறிய திரையில் பாடப் புத்தகத்தைப் படிக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, "புத்தகம்தான் ஸ்கூல்ல குடுத்துட்டாங்களே" என்றாள். அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம். அவளுக்கு வேண்டியது மணற்கேணி அப்ளிகேஷனில் வரும் வீடியோ பாடங்களும் மாதிரித் தேர்வுகளும். அதற்கு 8.7 அங்குலம் தாராளம். ஆகவே சிம் போடும் சிறிய மாடலையே வாங்கினோம்.

சிம் என்றால் ரீசார்ஜ் செலவு உண்டு. தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஒன்று 300 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ வருகிறது. ஓராண்டுக்கு 13 ரீசார்ஜ், அதாவது குறைந்தது 3,900 ரூபாய். டேப்ளட் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். நான் ரீசார்ஜை ஏற்றுக்கொண்டேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு

உப்பூரில் கூரை இல்லாமல் வெயிலை ஏற்று அமர்ந்திருக்கும் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார். டேப்ளட் அப்படி அல்ல. அதன் லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. ஜன்னலோரத்தில், பைக் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உப்புக் காற்று சார்ஜ் போடும் டைப்-சி துளையில் உள்ள உலோகத்தைப் பச்சை பிடிக்க வைக்கும். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் மூடியை வாங்கிப் போடுங்கள். ஈரக் கையால் வயரைச் செருக வேண்டாம். வாயால் ஊதிச் சுத்தம் செய்வதும் வேண்டாம். அதிலும் ஈரம் இருக்கிறது.

சார்ஜர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 8,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 31 வாட் ஹவர். 10 வாட் சார்ஜரில் அது நிறைய நான்கு மணி நேரம்கூட ஆகலாம். அது பழுது அல்ல. வேகமாக ஏறட்டும் என்று கண்ட சார்ஜரையும் செருகினால் பழைய கதைதான்.

வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் ராமநாதபுரத்தில் இருக்கிறதா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் டேப்ளட்டின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே சரி பாருங்கள். 2020இல் நான் வாங்கியதற்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த முறை பில்லை அக்கா ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு பீரோவில் வைத்துவிட்டார்.