வீடு யாருடைய பெயரில்?

2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளில் முழுதாக அழிந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 ரூபாவைத் தவணை முறையில் கொடுத்தது. காணி உறுதியும் அடையாள அட்டையும் அலையோடு போனவர்கள் கிராம சேவகரின் அத்தாட்சிக்காகக் காத்துக் கிடந்தனர். அது ஒருவாறு தீர்ந்த கஷ்டம்.

தீராதது வேறொன்று. கிழக்கில் எம்மவரிடையே சீதன வீடு பெண்ணுக்குரியது. படிவமோ ‘குடும்பத் தலைவர்’ யாரெனக் கேட்டது. கணவரின் பெயரை எழுதினோம். கரையோரத்தில் தம் பெயரில் வளவு வைத்திருந்த பெண்கள் பலருக்கு, மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீடு கணவர் பெயரிலேயே பதிவாயிற்று. மனைவியின் சொத்து மனைவிக்கே என்று ஓதிக்கொடுக்கும் எங்களுக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

சகோதரர்களே, வெள்ளமோ மண்சரிவோ, இனி உதவிப் படிவம் வந்தால் காணி யாருடையதோ அவர் பெயரை எழுதுங்கள். பதிவான உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதி இலக்கத்தை இப்போதே குறித்து, வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.