எள்ளின் கணக்கு

வெள்ளவத்தைக் கடைகளில் போத்தல் போத்தலாக நல்லெண்ணெய் வாங்கிச் செல்வோரும், புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயில்களிலே சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்போரும், அவ்வெண்ணெய்க்கு மூலமான பயிர் உழவனுக்கு என்ன இலாபம் தருகின்றதென விசாரிப்பது அபூர்வம். விளைச்சலிற் சொற்பமான இப்பயிர் இன்றளவும் அழியாது நிற்பதற்குக் காரணம், செலவிலும் அது சொற்பமாயிருப்பதேயாம்.

வன்னியிலும் அநுராதபுரப் பகுதியிலும், பெரும்போக அறுவடை முடிந்து சித்திரை மழை தலைகாட்டும் பருவத்தில், நெல்லுக்கு நீர் போதாத நிலங்களில் எள் விதைக்கப்படுகின்றது. ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். அதுவும் சென்ற போகத்தில் எடுத்துவைத்ததாகவே இருக்கலாம். மண்ணில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு மூன்று மாதத்தில் விளைந்துவிடும் இச்செடி, வறட்சியைச் சகிக்குமேயன்றி வேரடியில் நீர் தேங்குவதைச் சகியாது.

சிரமமெல்லாம் அறுவடையிலேதான். முற்றிக் காய்ந்த காய் நுனியில் வெடித்து விதையை மண்ணில் உதிர்த்துவிடுமாதலால், அடிக்காய்கள் மஞ்சளிக்கும் தருணத்திலேயே செடிகளை அறுத்து, கட்டுகளாக்கி, நிமிர்த்திவைத்து வெயிலில் உலர்த்தி, பின்னர் விரிப்பின்மேற் கவிழ்த்துத் தட்டுவார்கள். மிச்சம்பிடித்த பணத்தில் பெரும்பங்கு இந்தக் கூலியிலே கரைந்துபோகும்.

கனடாவின் எண்ணெய்வித்தான கனோலாவோ நேரெதிர் வழியிற் சென்ற பயிர். எண்ணெயில் எரூசிக் அமிலத்தையும் பிண்ணாக்கிற் காரப்பொருளையும் குறைத்த முதல் இனத்தை 1974இல் அந்நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டபின், எண்ணெய் சமையலறைக்கும் பிண்ணாக்கு மாட்டுத்தொட்டிக்கும் தடையின்றிச் சென்றன. ஒரே விதை இருமுறை விலைபெற்றது. அதன் நெற்றும் வெடிப்பதே. எனினும் அங்கே அறுப்பது இயந்திரம். ஹெக்டேருக்கு இரண்டு தொன் அளவில் விளையும். நம் எள் ஒரு தொன்னை எட்டுவதே அரிது. ஆனால் ஆண்டுதோறும் வீரிய விதைக்கும் உரத்துக்கும் முதலிட்ட கனோலா உழவனை ஒரு வறட்சி கடனாளியாக்கக்கூடும். எள் விதைத்தவன் இழப்பது அற்பமே.

எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். செக்கிலே எஞ்சுவது பசுவுக்குப் பிண்ணாக்கு. அவ்விரண்டின் ஆதாயமும், களத்திலேயே விதையை விற்றுவிடும் உழவனைச் சேராமல், செக்குக்காரனையும் வியாபாரியையும் சேர்கின்றது. ஆகையால் வெடியாத காயுடைய இனமும், கிராமத்தார் கூடி நடத்தும் செக்கும் வாய்க்குமாயின், விளைச்சல் ஒரு மணியும் கூடாமலே உழவனின் வருவாய் கூடும்.