கோழிக்கும் மூச்சுண்டு

கண்டியின் மார்கழி, தை மாதத்து விடியற்குளிரை அறியாதார் இலர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளின் நடுவே அமைந்த நகரம் இது. வாவியின் மேல் மூடுபனி படியும் அந்நாட்களில் நாம் கம்பளியைத் தேடுகின்றோம். பின்வளவில் நாலைந்து கோழி வளர்ப்போர், அவையும் நடுங்குமே என்றிரங்கி, கூட்டைச் சாக்காலும் பொலித்தீனாலும் இறுக மூடிவிடுகின்றனர். இரக்கம் நல்லதே. ஆயினும், அதுவே கோழிக்கு நமனாகவும் கூடும். இதனை நாம் பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டில் ஆறு பேடுகள் இருந்தன. மழையும் குளிரும் கூடிய ஒரு வாரத்தில் கூட்டின் நான்கு பக்கமும் அடைத்தோம். பத்து நாட்களுள் அவற்றின் கண்கள் நீர் சொரிந்தன. இரவில் கரகரவென்று மூச்சிழுக்கும் ஒலி கேட்டது. குளிர் பிடித்துவிட்டதென எண்ணி மேலும் ஒரு சாக்கைப் போர்த்தினோம். இரண்டு பேடுகள் மாண்டன. அவற்றுள் ஒன்று எமது இளைய மகள் கைத்தீனிட்டு வளர்த்தது. அழைத்து வந்த மிருக வைத்தியர் கூட்டினுள் தலையை நுழைத்து, உடனே வெளியே எடுத்தார். “ஐயா, இதற்குள் ஓரிரவு நீங்கள் படுப்பீர்களா?” என்று அவர் வினவியபோது நாம் தலைகுனிந்தோம்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகோ இயற்கை அளித்த கம்பளி. நக்கிள்ஸ் மலைக்காட்டில் நமது நாட்டின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி மரக்கிளையிலேயே இரவைக் கழிக்கின்றது. ஆகவே, வளர்ந்த கோழிக்குக் கண்டிக் குளிர் பெரும் பகையன்று. ஈரமும் நச்சுக்காற்றுமே பகை.

முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லீற்றர் அளவு நீர் பருகும். அதிற் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் கூட்டினுள்ளேயே வெளிப்படுகின்றது. ஈரமான எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைப் பற்றீரியாக்கள் சிதைக்க, அமோனியா வாயு எழுகின்றது. அது கண்ணை எரிப்பதுடன், மூச்சுக்குழாயினுள் தூசியையும் கிருமியையும் தடுக்கும் நுண்மயிர்களையும் கெடுக்கின்றது. பின்னர், எளிய சளி நோயும் உயிர்கொல்லியாகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று மேலெழும் இயல்பினது. எனவே, எதிரெதிரான இரு சுவர்களிலும், கூரையின் இறவாணத்தை ஒட்டி, அரையடி அகலத்திற்கு நீண்ட திறப்புகள் வைத்தல் வேண்டும். கோழிகள் அடையும் கொம்பு அத்திறப்புகளுக்கு நன்கு தாழ்வாக இருத்தல் அவசியம். காற்றோட்டம் வேறு, கூதற்காற்று வேறு. முன்னது தலைக்கு மேலே செல்லும். பின்னது உறங்கும் உடலில் நேரே அறையும். மரநாயும் கீரியும் நுழையாவண்ணம் திறப்புகளுக்குச் சிறுகண் கம்பி வலை அடித்தல் நன்று. சாரல் புகாதிருக்க இறவாணத்தை இரண்டு, மூன்று அடி வெளியே நீட்டலாம். தகரக் கூரையாயின் மேலே கிடுகு வேய்ந்தால் பங்குனி, சித்திரை வெயிலுக்கும் இதமாகும்.

தரையில் நாலங்குலம் உமியோ மரத்தூளோ பரப்பி, அடிக்கடி கிளறி, நனைந்த பகுதியை உடனே அகற்றிவிடுதல் வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையாத இடமும் வேண்டும். நெரிசல் மிகுந்த கூட்டை எத்திறப்பும் காவாது. இறகு முளையாத குஞ்சுகளுக்கு மட்டும் தனி வெப்பம் தேவை. அவற்றின் பெட்டிக்கும் மேற்புறத்தில் மூச்சுவழி இருத்தல் வேண்டும்.

கூடு நன்றாக உள்ளதா என்றறிய எக்கருவியும் வேண்டியதில்லை. விடியலில் கதவைத் திறந்தவுடன், கோழியின் தலை இருக்கும் உயரத்திற்குக் குனிந்து மூச்செடுத்துப் பாருங்கள். மூக்கில் நெடி ஏறினாலோ, கூரையின் உட்புறத்தில் நீர்த்துளி தொங்கினாலோ காற்று போதவில்லையென்று கொள்க. சற்றுப் பொறுத்து முகர்ந்தால் மூக்கு நெடிக்குப் பழகி நம்மை ஏமாற்றிவிடும்.

எஞ்சிய நான்கு பேடுகளும் திறப்பு வைத்த கூட்டில் தேறின. இன்றும் குளிர்காலம் வந்தால் எமது மகள் சாக்கைத் தேடுவதில்லை. விடியலில் கூட்டின் முன் குனிந்து நிற்கின்றாள்.