மூன்று கொப்பிகளும் ஒரு கிடாரமும்

மட்டக்களப்பு வாவியோரத்தில் நான் பணிபுரியும் கிராமத்தில் மூன்று கிறிஸ்தவ ஆலயங்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்துபோக ஐந்து நிமிடம்கூட ஆகாது. போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றிய கத்தோலிக்கம், 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷன், அண்மைக்காலத்தில் தகரக்கூரையின் கீழ் எழுந்த சுயாதீன சபை என்று எமது மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாறே அந்த ஒரு வீதியில் இருக்கிறது. ஆனாலும் 2022ஆம் ஆண்டு வரை இம்மூன்றும் சேர்ந்து செய்த சமூகப்பணி என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அந்த வருடத்தைச் சகோதரிகள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அரசாங்கம் அறிவித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. இந்த எண்களைக் குசினியில் உணர்ந்தவர்கள் பெண்களே.

எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த ஜூலை மாதத்தில் நான் வீடு வீடாகச் சென்றேன். ஒரு வீட்டின் மூலையில் இரண்டு உலருணவுப் பொதிகள் இருந்தன. மாமியார் கத்தோலிக்கர், மருமகள் தகரக்கூரைச் சபைக்குப் போகிறவர். இரண்டு இடத்திலும் பெயர் எழுதியிருந்தார்கள். அடுத்த வளவில் ஓர் இந்துக் குடும்பம். கணவர் கடற்றொழிலாளி, எண்ணெய் இல்லாததால் வள்ளம் கரையில். மூன்று பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு கஞ்சித்தண்ணீர். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “எங்கட பேர் ஒரு கொப்பியிலயும் இல்ல மகள். வேதத்துக்கு மாறினாத்தான் எழுதுவாங்களாம் எண்டு சனம் கதைக்குது.”

அந்தக் கதை உண்மையல்ல என்று மூன்று ஆலயத்தாரும் பின்னர் என்னிடம் மறுத்தார்கள். நான் நம்புகிறேன். ஆனால் பட்டியல் ஆலய அங்கத்தவர் பட்டியலாகவே இருக்கும்போது சனம் வேறென்ன நினைக்கும்?

எனக்கு இது புதிதல்ல. 2004 சுனாமியின்போது நான் ஆறாம் வகுப்பு. முகாமாக மாறிய பாடசாலையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தனித்தனிக் குழுக்கள் மூன்று பிளாஸ்ரிக் வாளிகளைத் தந்தன. அக்காவுக்கு மாதவிடாய்த் துணி தர ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா தன் சேலையைக் கிழித்தார். அந்த மூன்று வாளிகளும் எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தன.

ஆகவே மூன்று ஆலயத்தாரையும் ஒன்றாக இருத்திப் பேசவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். முதலில் குருமாரிடம் போனேன். மூவரும் அன்பாகத் தேநீர் தந்தார்கள். ‘மேலிடத்தில் கேட்கவேண்டும்’ என்றார்கள். பிறகுதான் பெண்களிடம் போனேன். மார்ச் மாத முதல் வெள்ளியில் வரும் உலக ஜெப தினத்தை வாசகிகள் அறிவீர்கள். ஆண்டுதோறும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த வழிபாட்டை எழுத, மற்ற நாடுகளில் பல திருச்சபைப் பெண்களும் கூடி அதனை நடத்துகிறார்கள். எங்கள் கிராமத்தில் கத்தோலிக்க, மெதடிஸ்தப் பெண்கள் அதற்காகச் சந்திப்பார்கள். பல்கலைக்கழகத்தில் ‘சமூக மூலதனம்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்; அது இந்த நாலைந்து அன்ரிமாரின் தொலைபேசி இலக்கங்கள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தகரக்கூரைச் சபைப் பெண்கள் அந்த வழிபாட்டுக்கு வருவதில்லை. ஆனாலும் அவர்களில் ஒருவர் மெதடிஸ்த அன்ரியின் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அவர் கொப்பியோடு வந்தார்.

மூன்று கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்த அந்தப் பின்னேரம் சுகமானதாக இருக்கவில்லை. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. “எங்கட ஆக்களுக்கு நீங்க ஏன் குடுத்தீங்க?” என்று ஒருவர் கேட்டார். ஆடு திருடும் கதை எழுந்தது. ஒருவர் அழுதார். இருட்டும்வரை இருந்து, கிராம உத்தியோகத்தரின் குடும்ப விபரத்தோடு ஒப்பிட்டு நாலாவது கொப்பி ஒன்றை எழுதினோம். அதில் சமயம் என்ற நிரல் இல்லை. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, தனித்திருக்கும் முதியவர் என்ற நிரல்கள் மட்டுமே.

பொதி கொடுப்பதை நிறுத்தி, வாரத்தில் ஐந்து நாள் மத்தியானம் சமைப்பதென்று தீர்மானித்தார்கள். எங்கே? எந்த ஆலய வளவென்றாலும் மற்ற இருவருக்கும் மனம் ஒப்பவில்லை. இந்துத் தாய்மாரும் தயங்குவார்கள். கடைசியில் பாலர் பாடசாலை விறாந்தை. பதாகை கட்டுவதில்லை, பிரசங்கம் இல்லை, பிள்ளைகள் பாத்திரம் கொண்டுவந்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சமைப்பவர்கள் அடுப்பு மூட்டுமுன் தமக்குள் ஜெபித்துக்கொள்வார்கள். கிடாரம் அம்மன் கோயிலிலிருந்து இரவலாக வந்தது. காஸ் இல்லாததால் விறகு. முருங்கையிலை ஊர் வேலிகளிலிருந்து.

இரண்டாம் வாரமே ஒரு சிக்கல். உதவ வந்த ஓர் ஊழியர், வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்புவதற்காக வரிசையில் நின்ற பிள்ளைகளைப் படம் எடுத்தார். மறுநாள் அந்தக் கடற்றொழிலாளியின் பிள்ளைகள் வரவில்லை. நான் போனபோது தாய் கதவுக்குப் பின்னால் நின்று, “பிச்சைக்காரர் மாதிரி எங்கட புள்ளயள் பேப்பரில வரவோ?” என்றார். அவர் சொன்னதை அப்படியே வந்து சமையல்காரப் பெண்களிடம் சொன்னேன். அன்றிலிருந்து விறாந்தை வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி, கைத்தொலைபேசி அதற்குள். குருமாருக்கும் அதே சட்டம். நாலு நாள் கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள். அந்தத் தாய் அதற்கடுத்த வாரம் அரிவாளோடு கீரை நறுக்க வந்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். கிடாரம் பெண்களிடம் இருந்தபோதிலும் பணம் ஆண்களிடமே இருந்தது. பருப்பு முடிந்துவிட்டதென்று சொல்லி மூன்று நாள் காத்திருந்த பிறகே கணக்குப் புத்தகம் எங்கள் பக்கம் வந்தது. அதுவும் சண்டையின்றி வரவில்லை.

சமையல் 2023இன் நடுப்பகுதியில் நின்றது. விலைகள் முழுதாக இறங்கியதால் அல்ல. சமைத்த பெண்கள் களைத்துப்போனார்கள், சிலர் வேலைக்கு மத்தியகிழக்கு போனார்கள். ஆனால் 2024 நவம்பர் வெள்ளத்தில் தாழ்நில வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது அந்த நாலாவது கொப்பி பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு வந்தது. எந்த வீட்டில் நடக்கமுடியாத முதியவர், எந்த வீட்டில் நிறைமாதக்காரி என்று அதைப் பார்த்தே முதல் தோணி போனது. வாளிகள் வந்து இறங்கியபோது, முதலில் பெண்களுக்கான துணிகளைக் கேட்டு வாங்கினோம்.

தகரக்கூரைச் சபைப் பெண்கள் மார்ச் மாத வழிபாட்டுக்கு இன்னும் வருவதில்லை. கொப்பி அவர்களில் ஒருவரின் வீட்டில்தான் இருக்கிறது.